புதிய செலிகாவும் நம் மலைப்பாதையும்: வெளியீட்டுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா 2006-இல் நிறுத்திய செலிகா என்ற ஸ்போர்ட்ஸ் கார் மீண்டும் வரப்போகிறது என்ற செய்தி பரவியதிலிருந்து, குன்னூரிலும் கோத்தகிரியிலும் உதகையிலும் உள்ள கார் ஆர்வலர்கள் என்னிடம் தொடர்ந்து கேள்வி கேட்டு வருகிறார்கள். அவற்றுள் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். இதை எழுதும்வரை டொயோட்டா காரைக் காட்டவில்லை. ஆகவே நிறுவனம் சொன்னது எது, பிறர் ஊகிப்பது எது, என் கணிப்பு எது என்பதை ஒவ்வோர் இடத்திலும் பிரித்தே சொல்கிறேன். சமவெளியில் ஓட்டிப் பார்த்து எழுதுபவர்கள் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த அளவு எதையும் சொல்லாது என்பதால், நம் ஊர் உயரத்துக்கும் சரிவுக்கும் குளிருக்கும் பொருந்தும் அளவுகளையே இங்கே முன்னிறுத்துகிறேன்.

செலிகா திரும்பி வருவது உறுதிதானா?

கார் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது உறுதி. 2024 நவம்பரில் ஜப்பான் ராலி என்ற கார் பந்தயம் நடந்தபோது டொயோட்டாவின் உயர் பொறுப்பில் இருப்பவர் ஒருவர், செலிகாவைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். நிறுவனத்தின் தலைவர் அகியோ டொயோடாவும் அந்தப் பெயர்மீது தனக்குள்ள விருப்பத்தை அதற்கு முன்பே வெளிப்படுத்தியிருந்தார். ஆனால் வடிவம், எஞ்சின், எடை, விலை, விற்பனைக்கு வரும் நாள் ஆகிய ஐந்தில் எதையும் நிறுவனம் அறிவிக்கவில்லை. இணையத்தில் உலவும் பளபளப்பான படங்கள் எல்லாம் ஆர்வலர்கள் கணினியில் வரைந்தவை. அவற்றில் உள்ள விளக்கின் வடிவத்தையோ பின்சிறகையோ வைத்து விவாதிப்பது வீண்.

பழைய கார் ஒன்றின் பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

செலிகா 1970-இல் தொடங்கி ஏழு தலைமுறைகள் விற்பனையில் இருந்தது. அதன் புகழ் ஷோரூமில் பிறந்ததைவிட மண்சாலையில் பிறந்தது என்பதே சரி. டர்போ எஞ்சினும் (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி உள்ள எஞ்சின்) நான்கு சக்கர இயக்கமும் கொண்ட செலிகா ஜிடி-ஃபோரை ஓட்டி, கார்லோஸ் சைன்ஸ் 1990-லும் 1992-லும் உலக ராலி சாம்பியன் ஆனார். 1993-இல் யூஹா கன்குனனும் 1994-இல் டிடியே ஓரியோலும் அதே பெயர் தாங்கிய காரில் அந்தப் பட்டத்தை வென்றார்கள். 1993-இல் டொயோட்டா பெற்ற தயாரிப்பாளர் பட்டம்தான் ஜப்பானிய நிறுவனம் ஒன்று உலக ராலியில் பெற்ற முதல் தயாரிப்பாளர் பட்டம். ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியில் சேறும் புழுதியும் வெள்ளமும் மாறி மாறி வரும் பாதைகளில் செலிகா பலமுறை முதலில் வந்தது.

1995-இல் டர்போவுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் கருவியில் விதிமீறல் கண்டுபிடிக்கப்பட்டு, டொயோட்டா அணி ஓராண்டு தடைக்கு உள்ளானது என்பதையும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியாகச் சொல்லியாக வேண்டும். இருந்தும் மோசமான பாதையில், மாறும் வானிலையில், வளைவுக்கு வளைவு நம்பிக்கை தரும் கார் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மலையில் வாழும் நம்மை இந்தக் கார் ஈர்ப்பதற்கு என் பார்வையில் அதுவே காரணம்.

புதிய காரின் எஞ்சின் முன்னால் இருக்குமா, நடுவில் இருக்குமா?

ஊகங்களில் மிகவும் சூடானது இதுதான். 2025 ஜனவரியில் நடந்த டோக்கியோ ஆட்டோ சலோன் என்ற கார் கண்காட்சியில் டொயோட்டா, தன் ஸ்போர்ட்ஸ் பிரிவான ஜிஆரின் ஜிஆர் யாரிஸ் என்ற சிறிய காரின் உடலில் எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தி ஒரு சோதனைக் காரைக் காட்டியது. அதில் இருந்தது ஜி20இ என்ற புதிய 2 லிட்டர் டர்போ எஞ்சின். அந்தக் கார் பின்னர் ஜப்பானின் சூப்பர் தைக்யூ பந்தயத்திலும் ஓடியது. இதை வைத்துச் சிலர், செலிகாவே நடு எஞ்சின் காராக வரும் என்கிறார்கள். வேறு சிலர், நடு எஞ்சின் என்பது டொயோட்டாவின் இன்னொரு பழைய காரான எம்ஆர்2-வின் மறுபிறப்புக்கு உரியது, செலிகா முன் எஞ்சினுடன்தான் வரும் என்கிறார்கள்.

இரண்டாவது தரப்பின் பக்கமே நான் நிற்கிறேன். ஏழு தலைமுறை செலிகாவிலும் எஞ்சின் முன்னால்தான் இருந்தது. அதோடு, 2027-இல் நடைமுறைக்கு வரும் உலக ராலி விதிகளின்படி டொயோட்டா உருவாக்கும் புதிய போட்டிக் கார் 2025 இறுதியில் போர்ச்சுகலில் சோதனை ஓட்டத்தில் தென்பட்டபோது, அதன் தாழ்ந்த கூரையும் நீண்ட முன்பகுதியும் யாரிஸைப் போல இல்லாமல் இரண்டு கதவுக் கூபேயை நினைவூட்டின. ஆனால் புதிய விதிகள் குழாய்ச் சட்டகத்தின்மேல் உடலை வடிவமைக்கத் தாராளமாக இடம் தருவதால், போட்டிக் காரின் தோற்றத்தை வைத்து விற்பனைக் காரை முடிவு செய்ய முடியாது. கணிப்பு என்ற அளவில் மட்டுமே இதைக் கொள்ளுங்கள்.

400 குதிரைத்திறன் என்கிறார்களே, உதகையில் அதில் எவ்வளவு மிஞ்சும்?

இந்தக் கேள்வியை எந்தக் கார் பத்திரிகையும் கேட்பதில்லை. நமக்கோ இதுதான் முதல் கேள்வி. ஜி20இ எஞ்சின் 400 குதிரைத்திறனை ஒட்டித் தரும் என்பது பரவலான பேச்சு. அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம்.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தின் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். வெப்பநிலை குறைவதால் கிடைக்கும் ஈட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் காற்றின் அடர்த்தி சுமார் 80 சதவீதம். டர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பியிருப்பதால், அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு உதகையில் காணாமல் போய்விடும். எடுத்துக்காட்டாக, டொயோட்டாவின் ஜிஆர்86 காரில் உள்ள டர்போ இல்லாத 2.4 லிட்டர் எஞ்சின் 235 குதிரைத்திறன் தருகிறது. அதை உதகைக்குக் கொண்டுவந்தால் கையில் இருப்பது 190-ஐ ஒட்டித்தான். நம் ஊர் வாடகைக் கார் ஓட்டுநர்கள், பழைய பெட்ரோல் கார்கள் வெல்லிங்டன் தாண்டியதும் இழுக்க மாட்டேன் என்கின்றன என்று சொல்வது முழுக்க முழுக்க இயற்பியல்.

டர்போ எஞ்சின் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டும், ஆனால் இலவசமாக ஈடுகட்டாது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார் என்றால், டர்போ அதன்மேல் 1.5 பார் சேர்க்கும்போது எஞ்சினுக்குள் 2.5 பார் போகிறது. அதாவது காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால் போதும். உதகையில் வெளியழுத்தம் 0.77 பார் அளவில்தான் இருப்பதால், அதே 2.5 பாரை எட்ட ஏறத்தாழ மூன்றேகால் மடங்கு அழுத்த வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அழுத்தப்பட்ட காற்று இன்னும் சூடாகும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் வேலை கூடும். எஞ்சினைக் காக்கும் கணினி ஓர் எல்லைக்குமேல் அனுமதிக்காமல் திறனைக் குறைத்துவிடவும் கூடும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் குறைந்த சுழற்சியில் இருக்கும், டர்போ இன்னும் விழித்திருக்காது. அந்த ஓரிரு நொடிகளுக்கு டர்போ எஞ்சினும் மெல்லிய காற்றை உறிஞ்சும் சாதாரண எஞ்சின்தான். ஆகவே உச்சத் திறன் 400-ஆ 380-ஆ என்பதைவிட, நிமிடத்துக்கு 2,000 சுழற்சியில் முறுக்குவிசை எவ்வளவு என்ற எண்ணே நமக்கு வேண்டியது. வெளியீட்டு நாளில் முறுக்குவிசை வரைபடத்தைத் தேடுங்கள்.

ஹைபிரிட் வந்தால் நல்லதா?

ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சினுடன் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும். மின்மோட்டாருக்குக் காற்று தேவையில்லை. உயரத்தால் அதன் திறன் குறையாது, வளைவிலிருந்து வெளியேறும்போது டர்போ தாமதிக்கும் அந்த நேரத்தை அது நிரப்பிவிடும். அந்த அளவில் மலைக்கு ஹைபிரிட் நல்ல துணை. ஆனால் பேட்டரியும் மோட்டாரும் எடையைக் கூட்டும், எடை கூடினால் இறக்கத்தில் பிரேக்குக்குச் சுமை கூடும். டொயோட்டா 2025 டிசம்பரில் காட்டிய ஜிஆர் ஜிடி, 4 லிட்டர் வி8 எஞ்சினுடன் ஹைபிரிட் கொண்டது. அது வேறு உலகத்துக் கார். செலிகாவிலும் ஹைபிரிட் கட்டாயம் இருக்கும் என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கைக் கியரா, தானியங்கியா?

ஜிஆர் யாரிஸ் இரண்டு வகையிலும் விற்கப்படுகிறது: ஆறு வேகக் கைக் கியர், 2024 முதல் எட்டு வேகத் தானியங்கி. செலிகாவுக்கும் அதே ஏற்பாடு இருக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. சீசன் நேரத்தில் பர்லியாறு தொடங்கிக் காட்டேரி வரை வண்டிகள் வரிசையாக ஊர்ந்து செல்லும்போது கிளட்ச்சை அழுத்தி அழுத்திக் கால் ஓய்ந்துபோகும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் கைக் கியரையே தேர்ந்தெடுப்பேன். இறக்கத்தில் இரண்டாம் கியரைப் போட்டு விட்டால் அது இரண்டிலேயே நிற்கும் என்ற நிச்சயம் எனக்கு வேண்டும். தானியங்கி வாங்க விரும்புவோர், கையால் தேர்ந்தெடுத்த கியரை அது கடைசிவரை பிடித்து வைத்திருக்கிறதா என்பதைச் சோதனை ஓட்டத்தில் அவசியம் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் பிரேக் தாங்குமா?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உதகைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். ஓட்டுநருடன் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 28 மெகாஜூல், அதாவது மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட 8 யூனிட். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் எஞ்சினும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. நீங்கள் மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் இந்த மொத்த ஆற்றல் மாறாது. வேகமாக வந்தால் பிரேக் ஆற நேரம் கிடைக்காது என்பதுதான் வேறுபாடு.

சாதாரண ஹைபிரிட் காரின் பேட்டரி ஒன்று முதல் ஒன்றரை யூனிட்டில் நிரம்பிவிடும். உதகையில் நிறைந்த பேட்டரியோடு கிளம்பினால், மோட்டார் மூலம் ஆற்றலை மீட்கும் வசதி தொடக்கத்திலேயே பயன்படாமல் போகும். எனவே ஹைபிரிட் இருந்தாலும் எஞ்சின் பிரேக்கிங்கும் (குறைந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவது) தரமான தட்டுகளும் வேண்டும். பிரேக் திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை: டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரத்தை உறிஞ்சிய பிறகோ அந்த எல்லை 155 பாகை வரை இறங்கக்கூடும். ஆண்டில் பல மாதங்கள் மூடுபனியும் மழையும் சூழ்ந்திருக்கும் நம் ஊரில் இந்தத் திரவத்தைக் காலம் தவறாமல் மாற்றுவது, எந்தக் கார் வைத்திருந்தாலும், உயிர் காக்கும் செலவு.

மழைக்கும் உறைபனிக்கும் நான்கு சக்கர இயக்கம் போதாதா?

ஜிஆர் யாரிஸில் உள்ள ஜிஆர்-ஃபோர் என்ற நான்கு சக்கர இயக்கம் செலிகாவுக்கும் வரும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். ஜிடி-ஃபோரின் வரலாற்றைப் பார்த்தால் நானும் அதையே எதிர்பார்க்கிறேன். ஈரத்தில் வளைவிலிருந்து வெளியேற அது பெரிதும் உதவும். நிற்பதற்கு உதவாது. காரை நிறுத்துவது டயர்கள்தாம். ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தொழிற்சாலையில் பொருத்தும் கோடைக்கால டயர்களின் ரப்பர், வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே இறங்கினால் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் நேரத்தில் எத்தனை சக்கரம் இயங்கினாலும் அந்த டயர்களை நம்பி வேகமாகப் போகக் கூடாது.

நம் சாலையின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்குமா?

ஜிஆர்86-இன் அகலம் 1,775 மில்லிமீட்டர், ஜிஆர் யாரிஸ் 1,805, ஜிஆர் சுப்ரா 1,865. செலிகாவின் கடைசித் தலைமுறை 1,735 மட்டுமே இருந்தது. புதியது 1,850-ஐத் தாண்டினால், வளைவில் அரசுப் பேருந்து எதிரே வரும்போது ஒதுங்கி நிற்க இடம் தேடுவது கடினமாகிவிடும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி என்பதால், நீங்கள் இறங்கும்போது ஓரத்து வடிகாலுக்கும் உங்கள் சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது அன்றாடக் கவலை. அதே அளவு முக்கியமானது தரை இடைவெளி. இத்தகைய கார்களில் அது 130 மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். ஊர் எல்லைகளில் உள்ள வேகத்தடைகளையும், தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் கல் பாவிய தடங்களையும் நினைத்தால், தோட்டத்துக்குள் வீடு உள்ளவர்கள் இந்தக் காரை வாங்கும் எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யலாம்.

இந்தியாவுக்கு வருமா? வந்தால் விலை என்ன?

அறிவிப்பு எதுவும் இல்லை. சட்டப்படி வழி இருக்கிறது: ஒரு தயாரிப்பாளர் ஆண்டுக்கு 2,500 கார்கள் வரை, இந்தியாவில் தனியே சோதனைச் சான்று பெறாமல், முழுமையாகக் கட்டிய நிலையில் இறக்குமதி செய்யலாம். ஜப்பானும் வலப்பக்க ஸ்டியரிங் நாடு என்பது இன்னொரு சாதகம். டொயோட்டா இங்கே இதுவரை ஜிஆர் என்ற பெயரை ஃபார்ச்சூனர் ஜிஆர்-எஸ் போன்ற வண்டிகளில்தான் ஒட்டியிருக்கிறது. அதன் எஞ்சினோ வழக்கமான டீசல்தான். உண்மையான ஜிஆர் கார் ஒன்றை இங்கே விற்கும் துணிவு நிறுவனத்துக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விலையைப் பற்றித் தவறான கணக்குகள் உலவுவதால் விரிவாகச் சொல்கிறேன். இறக்குமதி மதிப்பு 45 லட்சம் ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு சுங்க வரிகள் சேர்ந்து 110 சதவீதம், அதாவது 49.5 லட்சம். இரண்டும் சேர்ந்த 94.5 லட்சத்தின்மேல் 40 சதவீத ஜிஎஸ்டி 37.8 லட்சம். ஆக 132 லட்சத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம் என்பதால் இன்னும் 26 லட்சம் சேரும். விற்பனையாளர் லாபமும் காப்பீடும் சேர்க்காமலேயே ஆன்ரோடு விலை ஒன்றரைக் கோடியைக் கடந்துவிட்டது. ஜப்பான் விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ்பவர்கள் இந்தப் படிகளையும் ஏறிப் பார்க்க வேண்டும்.

முன்பதிவு செய்து தருகிறோம் என்று சிலர் பணம் கேட்கிறார்களே?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிறுவனம் அறிவிக்காத காருக்கு முன்பதிவு என்று ஒன்று இல்லை.

வெளியூர் நண்பர்கள் இத்தகைய காரை நம் மலைக்குக் கொண்டுவர என்ன கட்டுப்பாடுகள்?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பும் வகுத்தது. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2018-இல் நடந்த கோர விபத்துக்குப் பிறகு வெளி மாவட்ட வண்டிகள் அந்த வழியாக இறங்க அனுமதிப்பதில்லை. முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பகுதியில் யானைகள் சாலையில் நிற்கும், கோத்தகிரியிலும் குன்னூரிலும் காட்டெருமைகள் தெருவிளக்கின் கீழேயே நடமாடும் என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். அதிரும் சைலன்சர் ஓசை அந்த விலங்குகளை மிரளச் செய்யும்.

அப்படியானால் இதன் முழு வேகத்தை எங்கேதான் பார்ப்பது?

மலைப்பாதையில் பார்க்கவே கூடாது. அது பள்ளிப் பிள்ளைகளும் தேயிலை பறிக்கும் பெண்களும் நடக்கும் சாலை. நம் அடிவாரத்திலேயே, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி கார்களை வடிவமைத்து இந்நாட்டு இளைஞர்களுக்குப் பந்தயக் கதவைத் திறந்துவிட்ட எஸ். கரிவரதன் நினைவாகப் பெயர் பெற்ற, இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பந்தயத் தடம் அது. நேர்பாதை குறைவாகவும் வளைவுகள் நெருக்கமாகவும் உள்ள அந்தத் தடம், கிடைத்திருக்கும் தகவல்களை வைத்து நாம் கற்பனை செய்யும் செலிகாவுக்கு நன்றாகவே பொருந்தும். தடம் வாடகைக்குக் கிடைக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்து, தலைக்கவசத்துடனும் புதிய பிரேக் திரவத்துடனும் செல்லுங்கள்.